நைஜீரியாவில் ஆரஞ்சே விளைவதில்லையா? ஒரு புள்ளிவிவர வரிசையை எப்படிப் படிப்பது

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பான எஃப்.ஏ.ஓ.வின் தரவுத் தளத்தில் நைஜீரியாவின் உணவு வழங்கல் அட்டவணையை எடுத்திருக்கிறீர்கள். அதில் 'ஆரஞ்சு, மாண்டரின்' வரிசையில் உள்நாட்டு உற்பத்தி என்று ஒன்றுமே இல்லை. 'பிற சிட்ரஸ்' (சிட்ரஸ் என்றால் ஆரஞ்சு, எலுமிச்சை குடும்பப் பழங்கள்) வரிசையில் மட்டும் 40 லட்சம் டன்னை ஒட்டி ஒரு எண் நிற்கிறது. அப்படியானால் அந்த நாட்டில் ஆரஞ்சே விளைவதில்லையா, அந்த 'பிற' என்பது என்ன பழம், தலைக்கு வருடம் 18 கிலோ என்று வரும் கணக்கை உங்கள் ஆய்வறிக்கையில் போடலாமா என்று கேட்கிறீர்கள். முதல் இரண்டுக்கும் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடலாம். மூன்றாவதுக்குத்தான் நேரம் ஆகும், ஏனென்றால் அந்த எண்ணை யார், எப்படி எண்ணினார்கள் என்று பார்க்காமல் அதற்குப் பதில் இல்லை. நான் இந்த வகை அட்டவணைகளோடு பல வருடங்கள் வேலை செய்தவன். பழங்களுக்கான வரிசைகளைப் பார்த்தாலே கொஞ்சம் சந்தேகம் வந்துவிடும். அந்தச் சந்தேகத்துக்கான காரணங்களைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பழம். நைஜீரியாவில் தாராளமாக ஆரஞ்சு விளைகிறது. நடுப்பகுதியில் இருக்கும் பெனுவே மாநிலம்தான் இதற்குப் பேர்போனது. க்போக்கோ, உஷோங்கோ, கொன்ஷிஷா, வண்டெய்கியா வட்டாரங்களில் திவ் இன விவசாயிகளின் தோட்டங்கள் நிறைய. தெற்கிலும் தென்மேற்கிலும் வீட்டு முற்றங்களிலும் கோகோ தோட்ட ஓரங்களிலும் சிதறிக் கிடக்கும் மரங்கள் வேறு. விளைவதில் பெரும்பங்கு இனிப்பு ஆரஞ்சு, அதாவது நம் சாத்துக்குடி எந்தத் தாவர இனமோ அதே இனம். இரவில் குளிர் போதாத வெப்ப மண்டலத்தில் பழுத்த பிறகும் தோல் பச்சையாகவே இருக்கும், அதனால் படத்தில் பார்த்தால் உங்களுக்கும் சாத்துக்குடி என்றுதான் தோன்றும். மீதி டாஞ்சரின் (நம் கமலா ஆரஞ்சு போன்ற மாண்டரின் வகை), கிரேப்ஃப்ரூட், எலுமிச்சை வகைகள். ஆக, 'பிற சிட்ரஸ்' என்ற பெயரில் இருப்பதில் பெரும்பகுதி ஆரஞ்சுதான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அது ஏன் அந்த வரிசைக்குப் போனது? எஃப்.ஏ.ஓ.வின் உற்பத்திப் பட்டியலில் சிட்ரஸுக்கு ஐந்து இடங்கள் உண்டு: ஆரஞ்சு, டாஞ்சரின் வகைகள், எலுமிச்சையும் லைமும், கிரேப்ஃப்ரூட்டும் பம்ளிமாசும், கடைசியாக எங்கும் வகைப்படுத்தாதவை. உணவு வழங்கல் அட்டவணையில் முதல் இரண்டையும் சேர்த்து நான்காகச் சுருக்கிவிடுவார்கள். ஒரு நாடு 'சிட்ரஸ்' என்று மொத்தமாக ஒரே எண்ணை வைத்திருந்து, உள்ளே எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லாவிட்டால், அந்த மொத்தம் அப்படியே கடைசி இடத்தில் விழும். நைஜீரியாவுக்கு நடந்தது இதுதான். கினியா, சியரா லியோன் போன்ற மற்ற மேற்கு ஆப்பிரிக்க நாடுகளிலும் இந்தப் பழக்கம் உண்டு. கானா அப்படியில்லை, அதன் சில லட்சம் டன் ஆரஞ்சு ஒழுங்காக ஆரஞ்சு வரிசையிலேயே இருக்கிறது. இப்போது ஒருவர் 'ஆரஞ்சு' வரிசையை மட்டும் தரவிறக்கி மேற்கு ஆப்பிரிக்காவை ஒப்பிட்டால் என்ன ஆகும்? கானா முதலிடத்தில் நிற்கும், நைஜீரியா பட்டியலிலேயே இருக்காது. இப்படிப்பட்ட வரைபடங்களை அச்சிலேயே பார்த்திருக்கிறேன். சிட்ரஸின் நான்கு வரிசைகளையும் கூட்டிவிட்டு ஒப்பிடுவது ஒன்றே வழி. அப்படிக் கூட்டினால் நைஜீரியா உலகின் பெரிய சிட்ரஸ் நாடுகளில் ஒன்றாகிவிடுகிறது. உலக உற்பத்தியில் மூன்று சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. அந்தப் பெருமைக்கு எவ்வளவு ஆதாரம் இருக்கிறது என்பது அடுத்த விஷயம்.

நீங்கள் எடுத்த அட்டவணை ஃபுட் பேலன்ஸ் ஷீட் எனப்படுகிற உணவு வரவுசெலவுக் கணக்கு. ஒரு பொருளின் உள்நாட்டு உற்பத்தியோடு இறக்குமதியைக் கூட்டி, ஏற்றுமதியைக் கழித்து, இருப்பு மாற்றத்தைச் சரிசெய்தால் நாட்டுக்குள் கிடைத்த மொத்தம் வரும். அதிலிருந்து விதை, தீவனம், வீணாவது, ஆலைக்குப் போவது, உணவல்லாத பயன் எல்லாம் கழித்தால் மிஞ்சுவது உணவு. அதை மக்கள்தொகையால் வகுத்தால் தலைக்கு இத்தனை கிலோ. கணக்கு எளிமையானது. ஆனால் இதில் யாரும் யார் வீட்டுத் தட்டையும் எட்டிப் பார்க்கவில்லை. சாப்பிட்டது என்று வருவது உண்மையில் கழித்தது போக மீதி. மேலே உள்ள ஒவ்வொரு வரியின் பிழையும் வந்து சேர்வது இந்த மீதியில்தான்.

நைஜீரிய சிட்ரஸைப் பொறுத்தவரை பெரிய பிழைக்கு இடம் கொடுப்பது முதல் வரி, உற்பத்தி. தரவுத் தளத்தில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ஒரு எழுத்து இருக்கும், பலர் தரவிறக்கும்போது அந்தப் பத்தியையே நீக்கிவிடுகிறார்கள். தயவுசெய்து நீக்காதீர்கள். 'ஏ' என்றால் நாடு தந்த அதிகாரபூர்வ எண், 'இ' என்றால் மதிப்பீடு, 'ஐ' என்றால் விடுபட்ட இடத்தைப் பழைய போக்கை வைத்து கணினி நிரப்பியது. நைஜீரிய சிட்ரஸ் வரிசையை மேலிருந்து கீழே படித்துக்கொண்டே போனால், நீண்ட காலத்துக்கு ஆயிரங்களில் முடியும் வட்டமான எண்கள், பிறகு மிக மென்மையாக ஏறி இறங்கும் எண்கள். மரப்பயிர் இப்படி நடந்துகொள்ளாது. ஒரு வருடம் மழை தவறினால் காய்ப்பு குறையும், நன்றாகக் காய்த்த மரம் அடுத்த வருடம் ஓய்வெடுக்கும். இவை எதுவும் தெரியாத ஒரு வரிசையைக் கண்டால், யாரும் வயலுக்குப் போய் அளக்கவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இதற்காக நைஜீரியப் புள்ளிவிவரத் துறையைக் குறை சொல்வது நியாயமில்லை. அங்கே வருடா வருடம் நடக்கும் வேளாண் மதிப்பீடுகளின் கவனம் மக்காச்சோளம், மரவள்ளி, யாம் என்னும் கிழங்கு, நெல், சோளம் இவற்றின்மேல்தான். ஒரு நாடு பசியைப் பற்றிக் கவலைப்படும்போது முதலில் எண்ண வேண்டியது அவற்றைத்தான். விரிவான வேளாண் மாதிரிக் கணக்கெடுப்பு 1993-94க்குப் பிறகு 2022ல்தான் திரும்ப நடந்தது. இடையில் வந்த கிட்டத்தட்ட முப்பது வருடமும் பழ மரங்களுக்கு அடிப்படைக் கணக்கே பழையது. இபாதானில் 1975ல் தொடங்கிய தேசியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் சிட்ரஸில் நல்ல வேலை செய்கிறது, ஆனால் மரங்களை எண்ணுவது அதன் வேலையில்லை.

எண் நம்பும்படி இருக்கிறதா என்று வீட்டிலிருந்தே பார்க்க ஒரு வழி, பரப்பளவைப் பார்ப்பது. எஃப்.ஏ.ஓ. வரிசையில் நைஜீரிய சிட்ரஸ் பரப்பு 8 லட்சம் ஹெக்டேரை ஒட்டி வருகிறது, விளைச்சல் ஹெக்டேருக்கு 5 டன்னைச் சுற்றி. உலகின் முதல் ஆரஞ்சு நாடான பிரேசிலின் ஆரஞ்சுப் பரப்பே ஏறத்தாழ 6 லட்சம் ஹெக்டேர்தான். அங்கே விளைச்சல் இதைவிட ஐந்து மடங்குக்கும் மேல். விளைச்சல் குறைவு என்பதை நம்பலாம். வயதான மரங்கள், விதையிலிருந்து முளைத்த நாற்று, உரமோ பாசனமோ இல்லாத பராமரிப்பு என்று அதற்குக் காரணங்கள் இருக்கின்றன. பரப்பைத்தான் என்னால் அப்படியே விழுங்க முடியவில்லை. பெனுவே மாநிலத்தின் மொத்த நிலமே சுமார் 34 லட்சம் ஹெக்டேர். ஆறு, ஊர், காடு, யாம் வயல் எல்லாம் சேர்த்து. 8 லட்சம் என்றால் அந்த மாநிலத்தில் கிட்டத்தட்ட கால்வாசி. மற்ற மாநிலங்களிலும் மரங்கள் இருக்கின்றன என்பது சரி, அதனால் இது நடக்கவே முடியாத எண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் முற்றத்து மரங்களையும் கலப்புத் தோட்டங்களையும் ஹெக்டேராக மாற்றும்போது, ஒரு ஹெக்டேருக்கு இத்தனை மரம் என்று யாரோ ஒரு காலத்தில் எடுத்த ஊகம்தான் இன்றும் அந்த எண்ணுக்குள் உட்கார்ந்திருக்கிறது. என் சொந்தக் கணிப்பு, உண்மையான உற்பத்தி அட்டவணை சொல்வதைவிடக் குறைவாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்பது. இது கணிப்புதான், அளவீடு இல்லை.

அடுத்து வீணாவது. இங்கே குறைத்து எண்ணுகிறார்கள் என்பதை நான் ஓரளவு உறுதியாகவே சொல்வேன். பழம், காய்கறி, கிழங்கு வகைகளில் உலக அளவில் 40 முதல் 50 சதவீதம் வரை வீணாகிறது என்று எஃப்.ஏ.ஓ.வே சொல்லியிருக்கிறது, அதில் வீட்டில் வீணாவதும் அடக்கம். வரவுசெலவுக் கணக்கு கழிப்பது தோட்டத்துக்கும் கடைக்கும் இடையில் போவதை மட்டும், அதற்கும் பெரும்பாலும் ஒரு நிலையான சதவீதம்தான். பெனுவேயில் அறுவடைக் காலத்தில் ஆரஞ்சைப் பெட்டியில் அடுக்குவது அரிது. லாரியில் அப்படியே கொட்டி ஏற்றி வடக்கே கானோவுக்கும் தென்மேற்கே லாகோஸுக்கும் மோசமான சாலைகளில் இரண்டு மூன்று நாள் ஓட்டுகிறார்கள். அடியில் இருக்கும் பழத்தின் கதி என்ன என்று சொல்லத் தேவையில்லை. பக்கத்தில் ஓடுகிற சாறு ஆலைகள் போதாததால் விலை விழுந்த வாரங்களில் மரத்தடியிலேயே அழுகுவதும் உண்டு. வீணாவது எத்தனை சதவீதம் என்று வைக்கிறோம் என்பது எவ்வளவு மாற்றுகிறது பாருங்கள்: உற்பத்தி 40 லட்சம் டன், மக்கள் 22 கோடி என்று வைத்து 10 சதவீதம் கழித்தால் தலைக்கு 16.4 கிலோ. அதே கணக்கில் 40 சதவீதம் கழித்தால் 10.9 கிலோ. உங்கள் 18 கிலோ, எதுவுமே வீணாகவில்லை என்று வைத்தால் வருவது.

மக்கள்தொகையும் கல்லில் செதுக்கிய எண் இல்லை. நைஜீரியா கடைசியாக முழுக் கணக்கெடுப்பு நடத்தியது 2006ல், அப்போது சுமார் 14 கோடி. 2023ல் நடத்தத் திட்டமிட்டதைத் தள்ளிப்போட்டுவிட்டார்கள். இப்போது பயன்படும் 22, 23 கோடி என்பவை ஐ.நா.வின் கணிப்புகள், இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை பின்னோக்கியும் திருத்தப்படும். அதனால் ஒரே 2012ஆம் ஆண்டுக்கு, வெவ்வேறு சமயம் தரவிறக்கிய இரண்டு பேருக்கு தலைக்கு இத்தனை கிலோ என்ற கணக்கு வெவ்வேறாக வரலாம். பதறாதீர்கள், தரவிறக்கிய தேதியைக் குறித்து வைத்தால் போதும்.

வணிகத்தைப் பற்றி நிறையப் பேர் கவலைப்படுகிறார்கள், எனக்கு அது அவ்வளவு முக்கியமாகத் தெரியவில்லை. நைஜீரியா சில்லறைப் பொதியில் வரும் பழச்சாற்றை இறக்குமதித் தடைப் பட்டியலில் வைத்திருக்கிறது, ஆனால் நீரை வற்றவைத்துச் செறிவாக்கிய சாறு உள்ளே வந்து லாகோஸ் ஆலைகளில் தண்ணீர் சேர்த்து அட்டைப் பெட்டியில் நிரம்புகிறது. வரவுசெலவுக் கணக்கு இதைப் பழமாக மாற்றித்தான் சேர்க்கும். ஒரு டன் ஆரஞ்சுச் செறிவுக்கு ஏறத்தாழ 10 டன் பழம் வேண்டும். ஒரு பேச்சுக்கு 5,000 டன் செறிவு வந்ததாக வைத்துக்கொண்டாலும் 50,000 டன் பழம், தலைக்குக் கால் கிலோகூட இல்லை. வடக்கு எல்லை தாண்டி நைஜர் நாட்டுச் சந்தைகளுக்குப் போகும் லாரிகள் சுங்கக் கணக்கில் சரியாக ஏறுவதில்லை என்பதும் உண்மை. நைஜரின் சிறிய எண்களை அது பெரிதாகப் புரட்டிப் போடும், ஆனால் 40 லட்சம் டன்னில் அது தொலைந்துவிடும்.

சரி, உணவு வழங்கல் என்பதும் உண்டது என்பதும் ஒன்றா? இல்லை, ஆரஞ்சில் இந்த இடைவெளி குறிப்பாகப் பெரியது. கிலோ எண் தோலோடு, விதையோடு உள்ள முழுப் பழத்தின் எடை. நைஜீரியத் தெருக்களில் ஆரஞ்சு விற்பவர்கள் கூர்மையான கத்தியாலோ பிளேடாலோ பச்சைத் தோலை மட்டும் மெல்லிய நாடாவாகச் சீவி, வெள்ளைப் பகுதியை விட்டுவைத்து, தலையில் ஒரு வட்டம் வெட்டித் தருவார்கள். வாங்குபவர் பிழிந்து உறிஞ்சிவிட்டுச் சக்கையைப் போட்டுவிடுவார். ஊட்டச்சத்து அட்டவணைகள் தோலுக்கும் விதைக்குமாக 28 சதவீதம் போலக் கழித்துவிட்டு மீதி முழுவதும் வயிற்றுக்குள் போனதாக எடுத்துக்கொள்கின்றன. உறிஞ்சிச் சாப்பிடுபவருக்கு அது பொருந்தாது, நார்ச்சத்தைக் கணக்கிடுகிறவர்கள் இதை மறந்தே விடுகிறார்கள்.

உண்மையில் எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்பதற்குக் குடும்பக் கணக்கெடுப்புகளுக்குத்தான் போக வேண்டும். நைஜீரிய தேசியப் புள்ளிவிவர அலுவலகம் உலக வங்கியோடு சேர்ந்து 2010-11 முதல் நடத்திவரும் பொதுக் குடும்ப ஆய்வில் கடந்த ஏழு நாளில் வீட்டில் என்ன சாப்பிட்டீர்கள் என்று பொருள்வாரியாகக் கேட்கிறார்கள், ஆரஞ்சும் டாஞ்சரினும் சேர்ந்து அதில் ஒரு பொருள். தரவு இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் அதிலும் மூன்று இடத்தில் கால் தடுக்கும். ஒன்று, அளவு பெரும்பாலும் 'ஒரு கூறு', 'இத்தனை பழம்' என்றே வரும், கிலோவாக மாற்றுவது உங்கள் பொறுப்பு. இன்னொன்று, நடவுக்குப் பின் ஒரு முறை, அறுவடைக்குப் பின் ஒரு முறை என்று இரண்டு தடவை போகிறார்கள். ஆரஞ்சு மலிவாகக் குவிவது சுமார் அக்டோபர் முதல் மார்ச் வரை. முதல் வருகை பெரும்பாலும் பழமில்லாத மாதங்களில் விழுகிறது, இரண்டாவது பருவத்தின் கடைசிப் பகுதியில். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் அது வருடச் சராசரி ஆகிவிடாது. மூன்றாவது, தெருவில் நின்று உறிஞ்சிய பழமும் பிள்ளைகள் பள்ளிக்கூட வாசலில் வாங்கியதும் வீட்டுப் பெரியவர் சொல்லும் பட்டியலில் வராது. நான் பார்த்த வரையில் பழங்களுக்குக் குடும்ப ஆய்வு எண் வரவுசெலவுக் கணக்கு எண்ணைவிடக் கணிசமாகக் குறைவாகத்தான் வரும். இரண்டில் எது சரி என்று சண்டை போடுவதைவிட, மேல் எல்லை ஒன்று, கீழ் எல்லை ஒன்று என்று இரண்டையும் வைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்திருக்கிறது.

இந்தக் குழப்பமெல்லாம் உங்கள் ஆய்வைப் பாதிக்குமா என்பது நீங்கள் எதைத் தேடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பசி, கலோரி என்று போகிறீர்கள் என்றால் கவலையே வேண்டாம். உங்கள் 18 கிலோவை நாள் கணக்காக்கினால் வரும் தலைக்கு ஏறத்தாழ 50 கிராம் ஆரஞ்சு என்பது தோல் போக ஏறத்தாழ 17 கிலோகலோரி. நாட்டின் மொத்த வழங்கல் 2,500 கிலோகலோரியை ஒட்டி இருக்கும்போது சிட்ரஸ் எண் பாதியானாலும் யாருக்கும் தெரியாது. வைட்டமின் சி என்றால் கதை வேறு. அதே 50 கிராம் தோல் போக 36 கிராம், அதில் சுமார் 18 மில்லிகிராம் வைட்டமின் சி. வயது வந்தவருக்கு எஃப்.ஏ.ஓ.வும் உலக சுகாதார அமைப்பும் சொல்லும் அளவு 45 மில்லிகிராம். அதாவது தேவையில் ஐந்தில் இரண்டு பங்கை இந்த ஒரே சந்தேகமான வரிசை கொடுத்துக்கொண்டிருக்கிறது. எண் பாதியானால் அதுவும் பாதி. மிளகாய், கீரை, மாம்பழம் போன்றவற்றிலிருந்து வருவதைச் சேர்க்காமல் இதை வைத்து மட்டும் பற்றாக்குறை இருக்கிறது, இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

இப்போது உங்கள் அறிக்கைக்கு வருவோம். நான் எழுதுவதாக இருந்தால் நான்கு சிட்ரஸ் வரிசைகளையும் கூட்டி, மூன்று வருடச் சராசரி எடுத்து, ஒற்றை எண்ணாக இல்லாமல் ஒரு வீச்சாகத் தருவேன். உற்பத்தியை 30 லட்சத்திலிருந்து 40 லட்சம் டன், வீணாவதை 10 முதல் 40 சதவீதம், மக்கள்தொகையை 21 முதல் 23 கோடி என்று வைத்தால் தலைக்கு வருடம் 8 முதல் 17 கிலோ வரை வருகிறது. இதில் 30 லட்சம் என்ற கீழ் எல்லை என் கணிப்பு, அதை உங்கள் பேராசிரியரிடம் என் கணிப்பென்றே சொல்லிவிடுங்கள். வீச்சு அகலமாக இருக்கிறது என்று அவர் முகம் சுளித்தால், மூல வரிசையில் 'இ'யும் 'ஐ'யும் எத்தனை வருடங்களுக்கு இருக்கின்றன என்று எண்ணிக் காட்டினால் போதும். 'நுகர்வு' என்ற சொல்லைத் தலைப்பில் போடாதீர்கள், 'வழங்கல்' என்று போடுங்கள். காலப்போக்கைக் காட்டும் வரைபடம் வேண்டவே வேண்டாம். உற்பத்தியைக் கணித மாதிரி வைத்து நிரப்பி, மக்கள்தொகையையும் கணித மாதிரி வைத்துக் கணித்து, ஒன்றை மற்றதால் வகுத்தால் வரும் கோடு நைஜீரியர்களின் பழப் பழக்கத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

அப்படியும் காலத் தொடர் கட்டாயம் வேண்டுமென்றால் ஒரு எச்சரிக்கை. 2013 வரை ஓடும் பழைய முறை அட்டவணையும் 2010ல் தொடங்கும் புதிய முறை அட்டவணையும் தனித்தனியாக இருக்கின்றன. புதியதில் கணக்கு இடிக்கும் மிச்சத்தைப் போட தனி வரியே உண்டு, வீணாவதைக் கணிக்கும் விதமும் மாறிவிட்டது. இரண்டையும் 2013லோ 2014லோ ஒட்டினால் அந்த இடத்தில் படிக்கட்டு போலத் திடீர் ஏற்றமோ இறக்கமோ வந்துவிடலாம், அதைப் பார்த்துவிட்டு அந்த வருடம் என்ன நடந்தது என்று தேடி அலைய வேண்டியிருக்கும். இரண்டு தொடருக்கும் பொதுவான 2010 முதல் 2013 வரையிலான நான்கு வருடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வித்தியாசம் எவ்வளவு என்று முதலில் பாருங்கள். ஒட்டலாமா வேண்டாமா என்று அப்புறம் முடிவு செய்யலாம்.